டர்பனிலிருந்து தம்பிக்கு

டர்பன், தென்னாப்பிரிக்கா,
பிப்ரவரி

அன்புத் தம்பிக்கு,

இங்கே நலம். அப்பாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது? உன் வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன். நம் லாரி ஏற்றத்தில் இஞ்சின் இரைகிறது, வண்டி ஏறவில்லை, பிரேக் மிதித்தால் இடது பக்கம் இழுக்கிறது என்றாய். போனில் சொன்னால் பாதிதான் உன் காதில் நிற்கும். எழுதியே அனுப்புகிறேன், பட்டறைக்குக் கையோடு எடுத்துப் போ.

முதலில் கிளட்ச். இஞ்சின் இரைந்தும் வண்டி ஏறாததற்கு கிளட்ச் பிளேட் வழுக்குவது காரணமாக இருக்கலாம். பிளேட் தேயத் தேய பெடலில் ஃப்ரீ ப்ளே, அதாவது கனக்காமல் சும்மா போகிற தூரம், குறைந்துகொண்டே வரும். நம் வண்டியில் ராடு வைத்த பழைய கிளட்ச், அதனால் நாம்தான் திருகி வைக்க வேண்டும். பெடலைக் கையால் அழுத்திப் பார். ஒரு அங்குலத்துக்குச் சற்று மேல்வரை லேசாகப் போய், அப்புறம்தான் கனக்க வேண்டும். தொட்டதுமே கனத்தால், கிளட்சைப் பிரிக்கிற ரிலீஸ் பேரிங் ஓயாமல் உரசிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பேரிங்கும் போகும், பிளேட்டும் கருகும். லாக் நட்டைத் தளர்த்தி ராடைத் திருகு, பெடலை நாலைந்து தரம் மிதித்துவிட்டு மறுபடி பார். ப்ளேயை ரொம்பவும் விட்டுவிட்டால் கிளட்ச் முழுசாகப் பிரியாது, கியர் போடும்போது கத்தும். ப்ளே சரியாக இருந்தும் வழுக்கினால் பிளேட் முடிந்தது, இல்லாவிட்டால் ஆயில் பட்டிருக்கிறது. கியர்பாக்ஸை இறக்கத்தான் வேண்டும். டிரைவர் அண்ணன் பெடல்மேல் காலை வைத்தபடியே ஓட்டுகிறாரா என்றும் கவனி. சொன்னால் முகம் சுளிப்பார், பரவாயில்லை.

பிரேக்கை ஓடி வந்த சூட்டோடு தொடாதே. சக்கரத்தோடு சுற்றுகிற டிரம் சூட்டில் விரிந்திருக்கும். அப்போது நெருக்கி வைத்தால், டிரம்மை உள்ளேயிருந்து அழுத்திப் பிடிக்கிற ஷூ ஆறியதும் உரசும். காலையில், சமதளத்தில், மற்ற சக்கரங்களுக்குக் கட்டை போட்டு, பிரேக் டேங்கில் ஏர் ஏற்றி, ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிடு. ஆக்ஸிலைத் தூக்கி ஸ்டாண்ட் கொடு, ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதே. ஷூவுக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்கிற ஸ்லாக் அட்ஜஸ்டர் போல்ட்டை ஷூ முட்டும்வரை இறுக்கு, அப்புறம் சக்கரம் கையால் தாராளமாகச் சுற்றும்வரை தளர்த்து. இடதுக்கு இழுக்கிறது என்றால் பட்டறையில் இடது சக்கரத்தையே கழற்றப் பார்ப்பார்கள். வலது பக்கம் சரியாகப் பிடிக்காததால்தான் பெரும்பாலும் அப்படி இழுக்கும். ஆளை விட்டு மிதிக்கச் சொல்லி, ஏர் அழுத்தத்தில் அட்ஜஸ்டரைத் தள்ளுகிற புஷ் ராடு இரண்டு பக்கமும் எவ்வளவு வெளியே வருகிறது என்று ஸ்கேல் வைத்துப் பார். ஒரே அளவாக இருக்க வேண்டும். அப்படி இருந்தும் இழுத்தால் வலது ஷூமேல் இருக்கிற உராய்வுப் பட்டையில், அதாவது லைனிங்கில், கிரீஸ் கசிந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்.

எங்கள் பட்டறை ஜேக்கப்ஸ் பகுதியில் இருக்கிறது. துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் டிரக்குகள்தான் அதிகம். அவற்றில் அட்ஜஸ்டர் தானாகவே சரிசெய்துகொள்ளும். அது தளர்ந்திருந்தால் ஸ்பானரைத் தொடவே ஃபோர்மேன் விடமாட்டார். வேறெங்கோ கோளாறு, திருகினால் அது மறைந்துபோகும் என்பார். அவர் நம்மவர்தான். 1860க்குப் பிறகு கரும்புத் தோட்டங்களுக்கு வந்தவர்களின் வம்சம், சாட்ஸ்வொர்த்தில் வீடு. தமிழ் பேச வராது. ஆனால் தைப்பூசத்துக்கு அவர் இருந்த விரதத்தைப் பார்த்து எனக்கே வெட்கமாகிவிட்டது. என்னையும் காவடிக்கு அழைத்துப் போனார். வெயிலும் புழுக்கமும் நம் ஊர் சித்திரை மாதிரியே இருந்தது.

டர்பன் கடலோரம், ஜோகன்னஸ்பர்க் மேட்டு நிலம். இரண்டையும் இணைக்கிற என்3 நெடுஞ்சாலையில் லோடோடு இந்தப் பக்கம் வருகிற வண்டிக்கு வான் ரீனன் கணவாய் மாதிரி இறக்கங்கள் நிறைய. ஊருக்குப் பக்கத்திலேயே பைன்டவுனில் ஃபீல்ட்ஸ் ஹில் என்று ஒன்று இருக்கிறது. 2013 செப்டம்பரில் பிரேக் பிடிக்காத டிரக் ஒன்று அதில் இறங்கி, சந்திப்பில் மினிபஸ் டாக்சிகள்மேல் மோதியது. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் போய்விட்டார்கள். பட்டறையில் யாராவது அவசரப்பட்டால் ஃபோர்மேன் அந்த மலையின் பேரைத்தான் சொல்வார்.

எனக்குத் தொப்பூர் கணவாய்தான் நினைவுக்கு வருகிறது. தருமபுரியிலிருந்து இறங்கும்போது டீசல் மிச்சம் என்று நியூட்ரல் போடுகிறார்களே, நம் வண்டியில் அது வேண்டவே வேண்டாம். மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் சுட்டு விரியும். ஏற்கெனவே இடைவெளி அதிகமாக இருந்தால் புஷ் ராடு முழுசாக வந்தும் ஷூ எட்டாது. எந்த கியரில் ஏறுவோமோ அதே கியரில் இறங்கணும் என்று அப்பா சொல்வாரே, இங்கேயும் அதேதான்.

டிரம்மைக் கழற்றினால் ஏர் பிடித்துத் தூசியை ஊத வேண்டாம், ஈரத்துணியால் துடை. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், நுரையீரலுக்கு ஆகாது. இந்த நாட்டில் 2008லேயே அதைத் தடை செய்துவிட்டார்கள்.

லைனிங்குக்குப் பணம் அம்மா கணக்கில் போட்டிருக்கிறேன். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்தே வாங்கு, ஒரு பக்கம் மட்டும் மாற்றாதே. கிருஷ்ணகிரி மாங்காய் லோடு தொடங்குவதற்குள் வேலையை முடித்துவிட்டு, புஷ் ராடு அளவை எனக்கு எழுது.

இப்படிக்கு,
அண்ணன்