இரண்டாம் தவணைக் கடிதம் (தடி விசயம் கட்டாயம் வாசியுங்கோ)

அன்பான பெற்றோருக்கு வணக்கம்,

இரண்டாம் தவணை ஒருமாதிரி முடிஞ்சுது. சோதினையில பிள்ளையள் நல்லாத்தான் செய்திருக்கினம், சின்ன வகுப்புக்காரர் சொல்வதெழுதுதல்ல முன்னேறியிருக்கினம், பொங்கல் விழா, பேச்சுப்போட்டி எல்லாம் குறையில்லாமப் போச்சுது, உதவிக்கு வந்த எல்லாருக்கும் நன்றி. புத்தகக் காசு கட்டாத ஆக்கள் ஆரெண்டு அவைக்கே தெரியும்.

இனி சனிக்கிழமை பின்னேரக் கான் வகுப்பு.

கான் து கொம்பா, சுருக்கமாக் கான், எண்டது இந்த பிரான்ஸ் நாட்டுக்காரர் 19ஆம் நூற்றாண்டில கையில கொண்டு திரிஞ்ச கைத்தடியை வைச்சே வளர்த்த சண்டைக் கலை. 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில செய்து காட்டினவை, பிறகு மங்கிப்போய்க் கிடந்ததை 1970களில மொரிஸ் சாரி எண்டவர் விதியள் எழுதி விளையாட்டா ஒழுங்குபடுத்தினவர். எங்கட பிள்ளையள் வளருற ஊரின்ர கலை, பழகட்டுமே எண்டுதான் தமிழ் வகுப்பு முடிய மண்டபத்தைக் குடுக்கிறம்.

இப்ப ரெண்டு கதை காதில விழுது. ஒண்டு, "காத்தில தடி சுத்துறதுக்கோ காசு கட்டுறம், சண்டை எப்ப பழக்குவியள்?" எண்டது. மற்றது, வீட்டில சில அப்பாமாரும் அப்பப்பாமாரும் மேலதிகமாச் சிலம்படி ரியூசன் குடுக்கினமாம்.

முதல் கேள்விக்கு வாறன். கானில அடி மொத்தம் 6 தான், ஆனா ஒவ்வொரு அடிக்கும் கை முதல்ல உடம்புக்குப் பின்னால போய் வரவேணும், மணிக்கட்டால சுண்டினா அது புள்ளி இல்லை. தலை, விலா, முழங்காலுக்குக் கீழ கால், இவ்வளவுதான் அடிக்கலாம், அதுவும் தடியின்ர முன்பக்கம் படவேணும், காலுக்கு அடிக்கிறதெண்டா சும்மா குனிஞ்சாக் காணாது, முழங்காலை மடிச்சு நல்லா இறங்கவேணும். தடி 95 சென்ரிமீற்றர், பாரம் 140 கிராம்கூட வராது, செஸ்ட்நட் மரம். அவ்வளவு லேசெண்டபடியா வேகம் தன்பாட்டில வந்திடும், பிள்ளைக்கு அதை நிப்பாட்டத்தான் தெரியாது. மாஸ்ரர் இவ்வளவு நாளும் பழக்கினது அந்த நிப்பாட்டுறதைத்தான்! அது கைக்கு வராம ஒரு பிள்ளையையும் இன்னொரு பிள்ளைக்கு முன்னால தடியோட நிப்பாட்டமாட்டார், நானும் விடமாட்டன்.

ரெண்டாவது விசயம் கொஞ்சம் சங்கடமானது. சிலம்படி தெரிஞ்ச பெரியாக்கள் எங்களுக்குள்ள இருக்கிறது உண்மையாவே பெருமை. ஆனா சிலம்பத்தில குத்து இருக்கு, கானில குத்துறது முற்றாகத் தடை. சிலம்பக் கம்பைப் பெரும்பாலும் ரெண்டு கையாலயும் பிடிக்கிறம், கானில ஒரு கை, வேணுமெண்டா மற்றக் கைக்கு மாத்தலாம், அவ்வளவுதான். ரெண்டு கையால பிடிக்கிறதுக்கு பிரெஞ்சுக்காரரிட்டயும் பத்தோன் எண்டு நீளமான தடி வேற இருக்கு, அது வேற பழக்கம். ரெண்டையும் கலந்து பிள்ளையின்ர கையில குடுத்தா என்ன நடக்குமெண்டு போன சனிக்கிழமை பாத்தம்: வகுப்புத் துவங்க முன்னம், விறாந்தையில, முகத்தைக் காக்கிற மாஸ்க் போடாம ரெண்டு பேர் விளையாடி, ஒருத்தர் குத்த, மற்றப் பிள்ளைக்குக் கன்னத்தில காயம், கண்ணுக்கு ஒரு விரலளவு கீழ. கேட்டா "அப்பப்பா காட்டித் தந்தவர்" எண்டு பதில்.

இதில சமாளிப்பு ஒண்டும் இல்லை. அடுத்த தவணையில இருந்து தடியள் எல்லாம் பள்ளிக்கூட அலுமாரியில பூட்டி இருக்கும், மாஸ்ரர் வந்தாப் பிறகுதான் திறப்பம். மாஸ்க், கையுறை, தடிச்ச உடுப்பு இல்லாம ஆரோடயாவது தடி பிடிச்ச பிள்ளை அந்தத் தவணை முழுக்க வாங்கில இருக்கும், அது ஆரின்ர பிள்ளையா இருந்தாலும், நிர்வாகத்தில இருக்கிறவையின்ர பிள்ளையா இருந்தாலும். விளக்குமாத்துப் பிடியை 95க்கு வெட்டி அனுப்புறதையும் தயவுசெய்து நிப்பாட்டுங்கோ, அது பாரம் கூட, உடைஞ்சா முனை ஈட்டி மாதிரி நிக்கும்.

வீட்டில பழக ஆசையெண்டா தடியே தேவையில்லை. கால் வைக்கிறது, இறங்கி எழும்புறது, வெறுங்கையைப் பின்னால கொண்டு போறது, இதுகளை மெதுவாச் செய்ய விடுங்கோ. (தடி சுத்தி ஒரு வீட்டில லைற்றும் உடைஞ்சு போச்சுதெண்டு கேள்வி.)

கோவிக்காதேங்கோ. மாஸ்க்குகளைக் கிழமைக்குக் கிழமை துடைச்சுத் தாற அம்மாமாருக்கும், காயப்பட்ட பிள்ளையின்ர வீட்டுக்காரர் காட்டின பொறுமைக்கும் என்ர நன்றி. அப்பப்பாமாருக்கு ஒரு வேண்டுகோள்: பெற்றோர் தினத்தில சிலம்படிக்குத் தனியா நேரம் ஒதுக்குறம், வந்து மேடையில செய்து காட்டுங்கோ, பேரை லீவு முடிய முன்னம் எனக்குத் தாங்கோ.

அன்புடன்,
அதிபர்