பழைய பாலத்துக்கும் மதிப்பீட்டில் ஒரு வரி எழுதுங்கள்

கிழக்கு மாகாணத்தின் வீதிகளையும் பாலங்களையும் பொறுப்பேற்றிருக்கும் பொறியியலாளர்களுக்கு,

வணக்கம். மாகாணத்தின் தலைமை அலுவலகங்கள் எங்கள் திருகோணமலையில் இருப்பதால் இந்த மடலை இங்கிருந்தே எழுதுகிறேன். கேட்பது ஒன்றுதான். புதிய பாலத்துக்கு மதிப்பீடு தயாரிக்கும்போது, அருகில் நிற்கும் பழைய இரும்புப் பாலத்தின் பராமரிப்புச் செலவையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள்.

புதிய பாலங்கள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கிண்ணியாவில் பாதை எனும் கடவைப் படகுக்காகக் காத்துக் கிடந்த காலத்தை அறிந்த எவரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். 2009இல் 396 மீற்றர் நீளப் பாலம் திறந்தபோது எங்களுக்கு விடிவு பிறந்தது. ஆனால் புதியது வந்துவிட்டது என்பதற்காகப் பழையதைப் பழைய இரும்பு விலைக்குத் தள்ளிவிடலாகாது.

இங்கிலாந்தில் பர்மிங்காமுக்கு அருகே ஸ்மெதிக்கில் கால்டன் பாலம் நிற்கிறது. நிலக்கரி படகில் போன காலத்தில், பொறியியலாளர் தோமஸ் டெல்ஃபோர்ட் அங்கே மேட்டைக் குடைந்து கால்வாயை நேராக வெட்டினார். அந்த ஆழமான வெட்டின் இரு கரைகளையும் இணைக்க 1829இல் அதைக் கட்டினார். வார்ப்பிரும்பு அழுத்தத்தைத் தாங்கும், இழுத்தால் முறிந்துவிடும். அதனால் வில்வளைவாக அமைத்தார். 150 அடி தூரத்துக்கு நடுவில் ஒரு தூணும் இல்லை. 1970களில் பக்கத்தில் புதிய வீதி வந்ததும் வாகனங்கள் அங்கே மாறின. பழைய பாலம் நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் என்றானது.

அதை வார்த்த ஹோர்ஸ்லி ஆலை அந்தக் கால்வாய்களுக்குச் சிறிய நடைபாலங்களையும் வார்த்துக் கொடுத்தது. கரையில் நடந்த குதிரைகள் படகை இழுத்தபோது கயிறு இரும்பில் உரசியது. அக்கால்வாய்ப் பாலங்களின் விளிம்புகளில் வரிவரியாகப் பள்ளம் விழுந்திருப்பதை இன்றும் காணலாம். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். அங்கே கயிறு உரச இரும்பே தேய்ந்திருக்கிறது. பெயர் எழுதி வைக்கப்படாத உழைப்பாளிகளின் கையெழுத்து அது. உருக்கிவிட்டால் அதை எங்கே போய்த் தேடுவது?

புதியது வந்தும் பழைய பாலத்தை இடிக்காமல் விடும் அதே நல்ல முடிவை நாமும் எடுத்திருக்கிறோம். ஆளுநர் மெனிங்கின் மனைவி பெயரில் 1924இல் திறந்த கல்லடிப் பாலம், 2013இல் பக்கத்தில் புதியது வந்த பிறகும் நிற்கிறது. பாடும் மீன் கதையோடு வளர்ந்த மட்டக்களப்பு மக்களுக்கு அந்தப் பாலம் என்னவென்று நான் சொல்லத் தேவையில்லை. அதை இடிக்காமல் விட்டவர்களுக்கு நன்றி.

ஆனால் விட்டுவைப்பது வேறு, காப்பது வேறு. எங்கள் ஊரில் வீட்டுக் கேற்றுக்கே நேரத்துக்கு ரெட் ஒக்சைட் என்ற துருத்தடுப்பு வர்ணம் அடிக்காவிட்டால் அடிப்பாகம் கையோடு வந்துவிடும். உப்புக் காற்று அப்படி. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். இரண்டு தகடுகளுக்கு இடையில் அது புகுந்தால் தகடுகள் பிதுங்கும், அவற்றைப் பிணைக்கும் தறையாணியின் (ரிவெட்) தலை தெறிக்கும். மழைநீர் தேங்கும் கீழ் இணைப்புகளில்தான் கேடு முதலில் தொடங்குகிறது. மேலே நடப்பவர் கண்ணுக்கு அது தெரியாது. துருவைச் சுரண்டாமல் அதன் மேலேயே வர்ணம் பூசுவது நோயைப் போர்வையால் மூடுவதுதான்.

சட்டம் தானாகக் கைகொடுக்கும் என்றும் இருக்க முடியாது. தொல்பொருள் கட்டளைச் சட்டம், கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான 1815 மார்ச் 2ஐ எல்லையாகக் கொண்டது. எங்கள் இரும்புப் பாலங்களோ அதற்குப் பிந்தியவை. ஆகவே முதல் காவல் நீங்கள்தான்.

ஆண்டுக்கொரு முறை பாலத்தின் அடியில் இறங்கிப் பாருங்கள். நீர் வடியும் துளைகளைத் துப்புரவாக்க ஆள் வையுங்கள். குடிநீர்க் குழாயையும் விளம்பரப் பலகையையும் அதில் தொங்கவிட அனுமதிக்காதீர்கள். பழைய வரைபடம் கோப்பில் இல்லையென்றால் அளந்து புதிதாக வரையுங்கள். இவற்றுக்கான பணத்தை அடுத்த மதிப்பீட்டிலேயே தனி வரியாகக் காட்டி, மக்கள் பார்க்கும்படி வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
திருகோணமலை வாசி ஒருவர்