மைக் தம்பிக்கு, கண்ணுக்குத் தெரியாத ஒருத்தி எழுதுவது

அன்புள்ள மைக் தம்பிக்கு,

உனக்கு என்னைத் தெரியாது. நீ டிவிக்குள்ளே, 'கோஸ்ட்ஸ்' என்கிற சிரிப்புப் பேய்த் தொடரில் இருக்கிறாய், நான் வெளியே சோபாவில், மடியில் பேத்தியோடு. ஆனால் கண்ணுக்குத் தெரியாத யார் யாரோ வீட்டில் உட்கார்ந்துகொண்டு உன்னையே பார்ப்பது உனக்கு இப்போது பழகியிருக்குமே, அந்தக் கூட்டத்தில் நானும் ஒருத்தி என்று வைத்துக்கொள்.

முதலில் ஒரு மரியாதைப் பிரச்சினை. நீ அந்தத் தொடரின் கதாநாயகி ஆலிசனின் வீட்டுக்காரன், அந்தக் கணக்கில் மாப்பிள்ளை முறை. மாப்பிள்ளையை 'நீ' என்று கூப்பிட்டு எனக்குப் பழக்கமில்லை. எங்கள் மாப்பிள்ளை லீட்ஸ்காரர், தமிழ் தெரியாது, நான் அவரை 'நீங்கள்' என்றாலும் 'நீ' என்றாலும் என் மகள் சொல்லும்போது இங்கிலீஷில் ஒரே வார்த்தையாகத்தான் போய்ச் சேருகிறது. நான் கொடுக்கிற மரியாதை பாதி வழியிலேயே காணாமல் போகிறது. உன்னை வயதுக்குத் தம்பி என்றே வைத்துக்கொள்கிறேன்.

பேத்தி பிறந்ததற்காக இந்த 2019 பிப்ரவரியில் மதுரையிலிருந்து இங்கே இங்கிலாந்தில் வோக்கிங் வந்தேன். ஏப்ரல் 15, திங்கட்கிழமை ராத்திரி, பிபிசி ஒன்றில் 'கோஸ்ட்ஸ்' என்று உங்கள் தொடர் புதிதாகத் தொடங்குகிறது என்று மகள் போட்டாள். பேய்க்கதை என்றதும் பச்சைக் குழந்தை இருக்கிற வீட்டில் இதெல்லாம் எதற்கு என்று சொன்னேன். சிரிப்புப் பேய்தான் அம்மா, அரை மணி நேரம்தான் என்றாள். அப்புறம் ஆறு வாரம், மே 20 வரைக்கும், திங்கட்கிழமை ராத்திரியானால் பேத்தி தூங்கினாளா என்பதைவிட சப்டைட்டில் போட்டாயிற்றா என்பதுதான் எனக்கு முக்கியமாக இருந்தது.

சரி, குறையை முதலில் சொல்லிவிடுகிறேன். முதல் எபிசோட் ஒரே நெரிசல். ஆலிசனுக்கு முன்பின் பார்த்திராத தூரத்துச் சொந்தத்திடமிருந்து இடிந்து விழுகிற மாதிரி ஒரு மாளிகை வந்து சேர்வதையும் காட்ட வேண்டும், குகை மனிதனிலிருந்து 90களில் செத்துப்போன எம்.பி. வரைக்கும் அத்தனை பேரையும் அறிமுகப்படுத்த வேண்டும், நடுவில் அந்த எம்.பி. ஜூலியன் அவளை ஜன்னலிலிருந்து தள்ளிவிட வேண்டும், அவள் பிழைத்துவந்து, உன் கண்ணுக்குப் படாத பேய்களைப் பார்க்கத் தொடங்க வேண்டும். யார் எந்தக் காலத்து ஆள் என்று மகளைக் கேட்டுக்கொண்டே இருந்ததில் பாதிச் சிரிப்பு எனக்குத் தப்பிப்போனது. தாமஸ் என்கிற கவிஞன் உன் மனைவியைப் பார்த்து உருகுவது ஒரு எபிசோடுக்குச் சரி, ஆறிலும் உருகினால் கேட்கிறவர்களுக்குத்தான் காய்ச்சல் வருகிறது. அந்த ஜூலியன் கால்சட்டை இல்லாமலே செத்தவன் என்பதால் காலத்துக்கும் அப்படியே திரிகிறான். மாப்பிள்ளையோடு ஒரே சோபாவில் உட்கார்ந்து அதைப் பார்த்த என் நிலைமையை நீயே நினைத்துப் பார். முதல் வாரம் முழுக்க ஜூலியன் வரும்போதெல்லாம் பேத்தியின் போர்வையைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

ஆனால் எழுத உட்கார்ந்தது குறை சொல்வதற்காக இல்லை. எங்கள் சினிமாவிலும் சிரிப்புப் பேய்கள் நிறைய உண்டு தம்பி. அங்கே பேய்க்கு ஒரு வேலை இருக்கும். யாரோ கொன்றிருப்பான், இடைவேளைக்கு அப்புறம் ஒரு நீள ஃபிளாஷ்பேக் வரும், நாம் அழுவோம், பேய் பழிவாங்கும், கோயிலில் மணி அடிக்கும். சிரிக்க வைப்பதெல்லாம் பயந்து ஓடுகிற மனிதர்கள்தான், பேய் சிரிக்காது. உங்கள் மாளிகையான பட்டன் ஹவுஸிலோ பேய்களுக்கு வேலையே இல்லை. லேடி பட்டனைப் புருஷன்தான் ஜன்னலிலிருந்து தள்ளிக் கொன்றான், மேரியைச் சூனியக்காரி என்று உயிரோடு கொளுத்தினார்கள், ஹம்ப்ரிக்குத் தலையே தனியாக உருண்டுகொண்டிருக்கிறது. எங்கள் ஊர்க் கணக்குப்படி ஆளுக்கொரு படம் எடுக்கலாம். ஆனால் யாரைப் பழிவாங்குவது? கொன்றவர்களும் எப்போதோ செத்து மண்ணாகிவிட்டார்கள். கோபம் தீர்ந்துபோய், பொழுது மட்டும் தீராமல் உட்கார்ந்திருக்கிறார்கள். லேடி பட்டன் தினமும் நடுராத்திரியில் அலறிக்கொண்டு விழுவதுகூட மற்றவர்களுக்குப் பக்கத்து வீட்டு அலாரம் மாதிரி ஆகிவிட்டது. டிவி போடு, பக்கம் புரட்டு, ஜன்னலைத் திற என்று ஆலிசனைப் படுத்தி எடுப்பதுதான் அவர்களுடைய முழுநேரப் பிழைப்பு.

இதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தவள் இரண்டாவது வாரமோ என்னவோ திடீரென்று நிறுத்திவிட்டேன். ஜூலியன் முகமெல்லாம் சிவக்க, விரல் நடுங்க நடுங்க, ஒரு சின்னப் பொருளை அரை அங்குலம் நகர்த்தப் பாடுபடுவானே, அதைப் பார்த்தபோதுதான். இந்த வீட்டு இண்டக்‌ஷன் அடுப்பு முன்னால் நான் நிற்பது அப்படித்தான். கண்ணாடி மேல் விரலை வைத்து அழுத்துகிறேன், ஒன்றும் நடக்காது, ஈரக் கையாக இருக்கும் என்று துடைத்துவிட்டு மறுபடி அழுத்துகிறேன், பீப் என்கிறது, என்ன பீப் என்று தெரியாது. மூன்று ரிமோட், மூன்றும் கறுப்பு. மகள் மாடியிலிருந்து இறங்கி வந்து டிவி போடும் வரைக்கும் அணைந்த திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பகலில் தபால்காரர் வந்தால் கதவைத் திறக்காமல் திரைச்சீலை ஓரமாக நின்று பார்ப்பேன். லேடி பட்டன் வேறென்ன செய்கிறாள்?

அப்படியானால் எங்கள் மாப்பிள்ளைதான் நீ. நான் பேசும்போது அவர் என்னைப் பார்ப்பதில்லை, மகள் முகத்தைப் பார்க்கிறார், அங்கிருந்துதான் அர்த்தம் வரும் என்பதால். நான் நாலு வரி சொன்னால் அவள் ஒரு வரி சொல்வாள். நீ ஆலிசனிடம் என்ன சொன்னார்கள் என்று கேட்டு, அவள் ஒன்றுமில்லை விடு என்பாளே, அதே ஒன்றுமில்லைதான். பேய்கள் உன்னைப் பற்றிச் சொல்வதையெல்லாம் அவள் அப்படியே சொன்னால் நீ அந்த வீட்டில் ஒரு நாள் தங்க மாட்டாய். நான் சொல்வதிலும் வடிகட்ட வேண்டியது கொஞ்சம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். குழந்தையைத் தலைக்குக் குளிப்பாட்டுவது பற்றி ஒரு நாள் நான் விட்ட பேச்சு எவ்வளவு அவர் காதுக்குப் போனது என்று இன்றுவரை தெரியாது.

பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறித்தான் ஆக வேண்டும் என்று எங்களிடம் ஒரு பழமொழி உண்டு. நீ பேய்க்கு வாழ்க்கைப்படவில்லை, பேயைப் பார்க்கிறவளுக்கு வாழ்க்கைப்பட்டாய். அதில் இன்னும் சங்கடம் அதிகம், மரம் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாமல் ஏற வேண்டும். முதலில் அவள் தலையில் பட்ட அடி என்று நினைத்தாய். அப்புறம் நம்பினாய். உன் கண்ணால் ஒன்றையும் பார்க்காமல், அவள் சொன்னாள் என்பதற்காக. வெறும் மூலையைப் பார்த்து வணக்கம் சொல்கிறாய், அதுவும் தப்பான மூலையைப் பார்த்து. எழுதியவர்கள் உன்னை அசட்டு ஆளாக்கிச் சிரிக்க வைக்கப் பார்க்கிறார்கள், முதல் இரண்டு எபிசோடில் அது எனக்கு எரிச்சலாகவே இருந்தது. ஆனால் கீல் ஸ்மித்-பைனோ என்கிற அந்த நடிகர், உன்னாகவே வருகிறவர், அதை வேறு மாதிரி ஆக்கிவிட்டார். யாரும் இல்லாத இடத்தைப் பார்த்துப் பேசும்போது அவர் முகத்தில் கேலி இல்லை, கொஞ்சம் கூச்சம் இருக்கிறது, வீட்டுப் பெரியவர்கள் முன்னால் வருகிற கூச்சம். பேய்களாக நடித்தவர்களில் பலர் ஆளுக்கு இரண்டு வேஷம் போடுகிறார்கள், குகை மனிதன் ராபினும் ஹம்ப்ரியின் தலையும் ஒரே லாரன்ஸ் ரிக்கார்ட்தான் என்று மகள் சொல்லித்தான் தெரிந்தது, பாய்லர் பக்கத்தில் நிற்கிற கொள்ளைநோயில் செத்த பேய்க் கூட்டமும் அவர்களேதானாம். பெரிய கெட்டிக்காரர்கள்தான். இருந்தாலும் எதிரில் இருப்பவரைப் பார்க்காத மாதிரியே நடிப்பதுதான் கஷ்டம் என்று எனக்குப் படுகிறது.

மூன்றாவது எபிசோட் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கழுத்தில் அம்பு குத்தி 1984-இல் செத்த பாட், சின்னப் பையன்களுக்கு முகாம் நடத்த வந்த நல்ல மனுஷன். அவர் செத்த நாளில் வருஷா வருஷம் குடும்பம் அந்த இடத்துக்கு வரும், அவர் காத்துக்கொண்டு நிற்பார். அப்புறம் நடப்பதை, பார்க்காதவர்களுக்காக விட்டுவிடுகிறேன். என் வீட்டுக்காரருக்குத் திதி கொடுத்து ஒன்பது வருஷமாகிறது. சோறு வைப்போம், காக்காய் வந்து எடுக்கிறதா என்று நாங்கள்தான் காத்துக்கொண்டு நிற்போம். அந்தப் பக்கத்திலிருந்தும் ஒருத்தர் காத்து நிற்கலாம், சட்டையைச் சரிசெய்துகொண்டு, யார் யார் வந்திருக்கிறார்கள், பையன் இளைத்துவிட்டானா என்று எண்ணிக்கொண்டு, என்று எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றியதில்லை. பாட் காட்டித்தான் தெரிந்தது. இங்கே போன அமாவாசைக்குத் தோட்டத்துச் சுவரில் சோறு வைத்தேன். காக்காய் மரத்திலேயே உட்கார்ந்துகொண்டது, மேக்பை என்கிற கறுப்பு வெள்ளைப் பறவை ஒன்று வந்து கொத்திவிட்டுப் போனது. மாப்பிள்ளை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். மகளை என்னவோ கேட்டார். அவள் நிறைய நேரம் சொன்னாள். மறுநாள் அந்தச் சுவர் மேல் இருந்த பாசியை அவர் சுரண்டித் துடைத்து வைத்திருந்தார்.

உங்கள் வீடாகக் காட்டுகிற மாளிகை இங்கே சர்ரேயில்தான் இருக்கிறது, வெஸ்ட் ஹார்ஸ்லி பிளேஸ், எங்களிடமிருந்து காரில் அரை மணிகூட ஆகாது. அதன் கதை உங்கள் கதையைவிட வேடிக்கை. அங்கே வாழ்ந்த ராக்ஸ்பர்க் சீமாட்டி 2014-இல் 99 வயதில் காலமானார். வினாடி வினா நடத்திப் பேர் வாங்கிய பேம்பர் காஸ்கோய்ன் அவருடைய சொந்தக்காரர், அவரே எதிர்பார்க்காமல் அந்த மாளிகை முழுவதும் அவர் பேருக்கு வந்து சேர்ந்ததாம். உங்களை மாதிரியே ஒழுகுகிற கூரையும் பழுதும்தான் சொத்தோடு வந்தது. பேயும் சேர்ந்து வந்ததா என்று யாராவது அவரைக் கேட்டிருக்கலாம்.

இன்னும் ஒரு மாதத்தில் நான் ஊருக்குக் கிளம்ப வேண்டும். அதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே கூட்டிக்கொண்டு போகிறேன் என்று மாப்பிள்ளை சொல்லியிருக்கிறார். அதைத் தமிழிலேயே சொல்லப் பார்த்தார், 'அம்மா, பேய் வீடு, போலாம்' என்று, ஆனால் என்னைப் பார்த்துச் சொல்லாமல் நான் எழுந்துபோன நாற்காலியைப் பார்த்துச் சொன்னார், நான் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

அடுத்த சீசன் வருமானால் உனக்கு இன்னும் நிறையக் காட்சி கொடுக்கச் சொல். பேய்களில் ஒருவரான அந்தக் கேப்டன் என்னவோ ஒன்றைச் சொல்லாமலே விழுங்கிக்கொண்டிருக்கிறார், அது என்ன என்று ஆலிசனைக் கேட்டுச் சொல். அப்புறம், பேசும்போது கொஞ்சம் இடதுபக்கம் திரும்பு தம்பி. தாமஸ் பெரும்பாலும் அங்கேதான் நிற்கிறான்.

இப்படிக்கு,
வோக்கிங்கிலிருந்து ஒரு மதுரை அம்மா