முன்கண்ணாடிக்கு எந்த மருந்து?

ஐயா,

ஐப்பசி மழைக்கு முன் கார் முன்கண்ணாடியில் நீர்விலக்கி (மழைநீர் ஒட்டாமல் வழிந்தோடச் செய்யும் மருந்து) பூசுவோர் கவனத்துக்கு. சிலிக்கோன் வகை விலை குறைவு, ஓரிரு மாதம் தாங்கும். ஃப்ளோரின் வகை பல மாதம் நிற்கும். எதை வாங்கினாலும் முக்கால்வாசி வேலை கண்ணாடியைச் சுத்தம் செய்வதுதான். போர் தண்ணீரின் உப்புப்புள்ளியும் டீசல் பிசுக்கும் இருந்தால் மருந்து பிடிக்காது. சீரியம் ஆக்சைடு என்ற கண்ணாடி பாலிஷால் தேய்த்துக் கழுவுங்கள். தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் படலமாகப் பரவினால் பிசுக்கு போய்விட்டது. காய்ந்தபின் நிழலில் பூசி, புட்டியில் சொன்ன நேரம் விட்டு, ஈரத்துணியால் துடையுங்கள். சரியாகத் துடைக்காத மிச்சம்தான் இரவில் எதிர்வண்டி வெளிச்சத்தில் மங்கலடிக்கும். வைப்பர் தடதடத்தால் மருந்தைத் திட்டுமுன் ரப்பரைத் துடைத்துப் பாருங்கள், வெடித்திருந்தால் மாற்றுங்கள்.

சேலம் பைபாஸில் 60, 70 கி.மீ. வேகத்தில் துளிகள் தாமாக ஓடும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும்போது அந்த வேகம் ஏது? அங்கே வைப்பர்தான் கதி. உள்பக்கம் படியும் ஆவிக்கும் இது உதவாது, ஏசி போடுங்கள்.

- கார் பராமரிப்புத் தொழிலாளர்கள், திருப்பூர்