வங்கியில் ஒரு கேள்வி கேட்டிருந்தால்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

ராஜாஜி சாலை கஸ்டம்ஸ் ஹவுஸுக்கு 32 ஆண்டுகள் சரக்கு ஆவணங்களோடு போய்வந்த கிளியரிங் ஏஜென்சி ஊழியன் நான். தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் தனியாக வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவருக்குச் சென்ற மாதம், சுங்கத்துறையிலிருந்து பேசுவதாக ஓர் அழைப்பு வந்தது. அவர் பெயருக்கு வந்த பார்சலில் போதைப்பொருள் இருப்பதாகச் சொல்லி, உடனே 'மும்பை போலீஸுக்கு' இணைப்பை மாற்றினார்கள். காக்கிச் சட்டையோடு வீடியோவில் தோன்றிய ஒருவன், அவர் 'டிஜிட்டல் அரெஸ்ட்' செய்யப்பட்டிருப்பதாகவும், கதவைத் தாழிட வேண்டும், கேமராவை அணைக்கக் கூடாது, பெற்ற மகனிடம்கூட வாய் திறக்கக் கூடாது என்றும் மிரட்டினான். மூன்றாம் நாள் அவர் வங்கிக்குப் போய் வைப்புநிதியை முறித்து, அவன் சொன்ன கணக்குக்கு நான்கு லட்சம் ரூபாயை அனுப்பிவிட்டார். இடையில் தண்ணீர் லாரி வந்த நாளில் அவருடைய குடம் வரிசையில் இல்லாததைக் கண்டும் நான் போய்க் கேட்கவில்லை. அது என்னை இன்னும் உறுத்துகிறது.

நானறிந்த சுங்கத்துறை இப்படி நடந்துகொள்ளாது. சந்தேகத்துக்குரிய பார்சல் பிடிபட்டால் எழுத்து மூலம் சம்மன் வரும். அதில் அச்சிடப்படும் ஆவண அடையாள எண்ணை (2019 நவம்பரில் வந்த ஏற்பாடு இது) துறையின் இணையதளத்தில் யாரும் சரிபார்த்துக்கொள்ளலாம். சுங்க வரியும் அபராதமும் அரசுக் கணக்கில்தான் செலுத்தப்படுமே தவிர, தனிநபர் கணக்கில் அல்ல. வீடியோ அழைப்பில் ஒருவரைக் கைதுசெய்ய நம் சட்டத்தில் இடமே கிடையாது. விசாரணைக்கு நேரில் வரச்சொல்லிக் காவல்துறை வாட்ஸ்ஆப்பில் அனுப்பும் நோட்டீஸ்கூடச் செல்லாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருக்கிறது.

இவையெல்லாம் தெரிந்திருந்தாலும், அந்த நேரத்தில் பக்கத்தில் ஓர் ஆள் இல்லையென்றால் பயம் அறிவை மறைத்துவிடும். யாரிடமும் சொல்லாதே என்று அவர்கள் முதலில் கட்டளையிடுவது அதற்காகத்தான். ஆகவே அப்படிச் சொல்லும் அழைப்பைத் துண்டித்துவிட்டுப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு ஒளிக்காமல் 1930 என்ற சைபர் குற்றப் புகார் எண்ணை உடனே அழைக்க வேண்டும். அந்தப் பணம் சில மணி நேரத்துக்குள் பல கணக்குகளுக்குப் பிரிந்து போய்விடும் என்பதால், புகார் எவ்வளவு சீக்கிரம் பதிவாகிறதோ அவ்வளவுக்கு அதை முடக்கிவைக்க வாய்ப்புண்டு. எங்கள் ஆசிரியை அழைத்தது மகன் ஊரிலிருந்து வந்துசேர்ந்த பிறகு, நான்காம் நாள்.

என்னுடைய வேண்டுகோள் வங்கிக் கிளைகளுக்கு. முதியவர் ஒருவர் பதற்றத்தோடு வந்து, முதிர்வுக் காலத்துக்கு முன்பே வைப்புநிதியை முறித்து, அறிமுகமில்லாத கணக்குக்குப் பணம் அனுப்பக் கேட்டால், மேலாளர் அவரைத் தம் அறைக்குள் அழைத்து உட்காரவைத்து, கையிலுள்ள போனை அணைக்கச் சொல்லிவிட்டு, யாருக்காக இந்தப் பணம் என்று கேட்க வேண்டும். வீட்டார் ஒருவரிடம் பேசிய பிறகே பணத்தை அனுப்ப வேண்டும். எங்கள் ஆசிரியை கவுன்டரில் நின்ற அரைமணி நேரமும் அவன் அவருடைய போனில் இணைப்பிலேயே இருந்திருக்கிறான்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தண்டையார்பேட்டை, சென்னை.