கார்டு கைக்கு வந்துவிட்டது, அப்பா

கென்ட், பெல்ஜியம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நேற்றுக் காலை இங்கே நகராட்சி அலுவலகத்தில் என் அனுமதிக் கார்டைக் கொடுத்துவிட்டார்கள். போனில் பேசும்போது பாதியிலேயே லைன் போய்விடுகிறது. சித்தப்பா வீட்டுத் தம்பி விஷயம் வேறு இருக்கிறது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

கார்டு ஏடிஎம் கார்டு அளவுதான். தங்குவதற்கும் வேலை செய்வதற்கும் சேர்த்து ஒரே அனுமதி. முன்பு தனித்தனியாக இருந்ததை 2019-இல்தான் ஒன்றாக்கினார்களாம். இதற்கு விண்ணப்பம் போட்டது நான் இல்லை அப்பா, என் கம்பெனி. இந்த வேலைக்கு வெளிநாட்டு ஆளை எடுக்கலாமா என்று பிளாண்டர்ஸ் பகுதி அரசு பார்க்கிறது. ஆளை நாட்டுக்குள் விடலாமா என்று பிரஸ்ஸல்ஸில் இருக்கும் குடிவரவுத் துறை பார்க்கிறது. இரண்டு இடத்திலும் சரி என்றால்தான் விசாவே. சிஎன்சி, அதாவது கம்ப்யூட்டரில் ஓடும் லேத் மாதிரி மெஷின், ஓட்டுகிறவர்களுக்கு இங்கே பெரிய தட்டுப்பாடு. கோவை கணபதியில் உங்கள் லேத்தில் நின்று பழகியதுதான் என்னை இங்கே கொண்டுவந்து சேர்த்தது.

நன்னடத்தைச் சான்றிதழுக்காக நம் வீட்டுக்குப் போலீஸ் வந்தபோது தெருவே எட்டிப் பார்த்ததே, ஞாபகம் இருக்கிறதா? இங்கேயும் வந்தார்கள். வந்து இறங்கி எட்டு வேலை நாளுக்குள் நகராட்சியில் பதிய வேண்டும். பதிந்த பிறகு, சொன்ன முகவரியில் நிஜமாகவே குடியிருக்கிறோமா என்று பார்க்க அந்த வட்டாரத்துப் போலீஸ்காரர் வருவார். தபால் பெட்டியில் பெயர் ஒட்டியிருக்க வேண்டும் என்று கூட வேலை செய்பவர் முன்பே சொல்லியிருந்தார். ஒரு தாளில் எழுதி டேப் போட்டு ஒட்டினேன். மழையில் மை கரைந்துவிட்டது. மறுபடி எழுதி பிளாஸ்டிக் கவரில் போட்டு ஒட்டினேன். வந்தவர் முதலில் அதைத்தான் பார்த்தார். அப்புறம் கட்டில், அலமாரி, அடுப்பில் இருந்த ரசம். ஐந்து நிமிடம்கூட இருக்கவில்லை, கைகொடுத்துவிட்டுப் போய்விட்டார். எனக்குத்தான் கை நடுங்கியது. அதன் பிறகு கார்டு வரும்வரை ஒரு தற்காலிகத் தாளை மடித்துச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன்.

உங்களிடம் ஒன்றை மறைக்க விரும்பவில்லை. கார்டில் ‘ஆர்பெய்ட்ஸ்மார்க்ட்: பெபெர்க்ட்’ என்று அச்சடித்திருக்கிறது. வேலை உரிமைக்கு வரம்பு உண்டு என்று அர்த்தம். இந்தக் கம்பெனியில் இந்த வேலை மட்டும்தான் நான் செய்யலாம். மாற வேண்டுமானால் புதுக் கம்பெனி முதலிலிருந்து விண்ணப்பம் போட வேண்டும். வேலை போய்விட்டால் 90 நாளில் இங்கே தங்கும் உரிமையும் போய்விடும். அம்மாவிடம் இதை மெதுவாகச் சொல்லுங்கள். மேஸ்திரி நல்லவர், ஆர்டரும் நிறைய இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை.

இப்போது தம்பி விஷயம். ‘முதலில் பெர்மிட் வாங்கித் தருகிறேன், போய் இறங்கியதும் வேலை பார்த்துக்கொள்ளலாம்’ என்று ஏஜென்ட் சொல்லி ஆறு லட்சம் கேட்கிறான் என்றீர்கள். அப்படி ஒரு வழியே இங்கே கிடையாது அப்பா. கம்பெனி இல்லாமல் விண்ணப்பமே இல்லை. எந்தக் கம்பெனி, ஒப்பந்தத்தில் என்ன சம்பளம் போட்டிருக்கிறது, விண்ணப்பம் எந்தத் தேதியில் போட்டார்கள் என்று அந்த ஆளிடம் தம்பியே நேரில் கேட்கட்டும். காகிதம் இருந்தால் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பச் சொல்லுங்கள், இங்கே விசாரித்துவிடுகிறேன். சித்தி நகையை அடகு வைக்கப் போகிறார்கள் என்று கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. எப்படியாவது தடுத்துவிடுங்கள்.

தபால் வந்துசேர நாளாகும். அதற்குள் பணம் கட்டிவிடக் கூடாது என்று இதைப் போட்டோ எடுத்து அக்காவின் வாட்ஸ்அப்புக்கும் அனுப்புகிறேன். இன்று இரவே சித்தப்பா வீட்டுக்குப் போய் வாருங்கள்.

உங்கள் அன்பு மகன்