சூப்பர் ஹீரோ படங்களில் சிரிப்புக்கும் இடமுண்டு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சூப்பர் ஹீரோ படங்கள் நகைச்சுவையைக் கைவிட்டால்தான் பெரியவர்கள் பார்க்கத் தகுந்தவையாகும் என்று தங்கள் ஞாயிறு இணைப்பிதழின் திரைக்கட்டுரை வாதிட்டிருந்தது. அதற்குச் சான்றாக 2008இல் வெளியான 'தி டார்க் நைட்' படத்தைக் காட்டியிருப்பதுதான் எனக்கு விளங்கவில்லை. பேட்மேன் யாரென்று கண்டுபிடித்துவிட்ட ஊழியர் ஒருவர் பணம் கேட்டு மிரட்ட வரும்போது, இரவெல்லாம் வெறுங்கையால் குற்றவாளிகளை அடித்து நொறுக்கும் கோடீஸ்வரரையா மிரட்டப் போகிறீர்கள் என்று பேட்மேனின் நிறுவனத்தை நடத்தும் லூசியஸ் ஃபாக்ஸ் குரலைச் சற்றும் உயர்த்தாமல் கேட்டு, வாழ்த்துச் சொல்லி அனுப்புகிறாரே, அது நகைச்சுவை இல்லாமல் வேறென்ன? அந்தச் சிரிப்பால் படத்தின் இருள் கொஞ்சமும் குறைந்துவிடவில்லை.

எந்த இடத்தில், யாருடைய வலியின் மீது சிரிக்கிறோம் என்பதுதான் கேள்வி. இடிக்கடவுளான தோர் என்ற ஒரே சூப்பர் ஹீரோ பாத்திரத்தை வைத்தே இதை விளங்கிக்கொள்ளலாம். 'அவெஞ்சர்ஸ்: இன்ஃபினிட்டி வார்' (2018) படத்தில், தாய், தந்தை, தமக்கை, தம்பி, உயிர் நண்பன் என எல்லாரும் மாண்டதை அவன் சிரித்த முகத்தோடு ஒப்பிக்கிறான், கண் மட்டும் கலங்கியிருக்கிறது. எவரையும் கேலி செய்யாமல் விடாத, ராக்கெட் என்ற பேசும் ரக்கூன், அங்கே கேலியை ஒதுக்கிவிட்டு நிதானமாக விசாரிக்கிறது. துக்க வீட்டுத் திண்ணையில் இறந்தவரின் குறும்புகளைச் சொல்லிச் சிரிக்கும் உறவினர்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு அந்தச் சிரிப்பு அந்நியமானதல்ல. அடுத்த ஆண்டே வந்த 'எண்ட்கேம்' படத்தில் அதே தோர், குடியும் தொப்பையுமாக ஒடுங்கிக் கிடந்து, வில்லன் தானோஸின் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் நிலைகுலைகிறான். அதைப் பார்த்து நாம் பதைக்கும்போதே, உடனிருப்பவர்கள் அவன் உடம்பைக் கிண்டல் செய்யத் தொடங்கிவிடுகிறார்கள். 'தோர்: லவ் அண்ட் தண்டர்' (2022) இன்னும் மோசம். காதலி ஜேனுக்கு நான்காம் கட்டப் புற்றுநோய் என்று சொல்லும் படம், அந்தச் செய்தி நம் மனத்தில் இறங்குவதற்குக்கூட அவகாசம் தராமல் அலறும் ஆடுகளை ஓட்டிக்கொண்டு வருகிறது. (ஆடுகள் முதல் தடவை அலறியபோது நானும் சிரித்தேன், பிறகு முடியவில்லை.)

கட்டுரையாளர் அமெரிக்கப் படங்களோடு நின்றுவிட்டார். நம் பெங்களூருவையே கதைக்களமாகக் கொண்டு 2025இல் மலையாளத்தில் வந்த 'லோகா' படத்தில், எதிர்வீட்டுப் பெண் அமானுஷ்ய சக்தி கொண்ட யட்சி என்று தெரிந்துகொண்ட இளைஞனின் பயமே நம்மைச் சிரிக்க வைக்கிறது. நம் நடன இயக்குநர் சாண்டி ஏற்றிருக்கும் காவல் ஆய்வாளரின் வன்மமோ சிரிப்புக்கு மசியாமல் கடைசிவரை உறுத்துகிறது. இவ்வளவு அருகில் நடக்கும் கதைக்கு அக்கட்டுரையில் ஒரு பத்தியாவது ஒதுக்கியிருக்கலாம்.

தங்கள் வாசகி,
அல்சூர், பெங்களூரு